எல்லாம் சூடு இல்லை, அண்ணாச்சி

எங்கள் பக்கத்தில் ஆண்களுக்கு இடுப்புக்குக் கீழே எது வந்தாலும் அதற்கு ஒரே பெயர்தான்: சூடு. ஒண்ணுக்குப் போனால் எரிகிறதா, சூடு. விதைப்பையில் வலியா, சூடு. தூக்கத்தில் விந்து வெளியேறிவிட்டதா, அதுவும் சூடு. கல்யாணமாகி மூன்று வருடமாகியும் வீட்டில் தொட்டில் ஆடவில்லையா, “மாப்பிள்ளைக்கு உடம்புல சூடு ஜாஸ்தி” என்று ஏதாவது ஒரு அத்தை சொல்லிவிடுவார். மருந்தும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். இளநீர், பதநீர், நன்னாரி சர்பத், சனிக்கிழமை நல்லெண்ணெய்க் குளியல், ராத்திரி தொப்புளில் ரெண்டு சொட்டு விளக்கெண்ணெய்.

பாளையங்கோட்டையில் மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் 20 வருடத்துக்கு மேல் நின்றவன் நான். மருத்துவன் இல்லை. ஆனால் மருத்துவரிடம் போவதற்கு முன்னால் இந்த ஆண்கள் எல்லோரும் வந்து நிற்கும் இடம் என் கடைதான். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் வருவார்கள். வேறு ஆள் நின்றால் போனைப் பார்ப்பது போல ஓரமாக நிற்பார்கள். கடை காலியானதும், “அண்ணாச்சி, சூட்டுக்கு எதாவது மாத்திரை இருக்கா?” எந்தச் சூடு என்று நான் திருப்பிக் கேட்டால் பாதிப் பேர் போய்விடுவார்கள். மீதிப் பாதி சொன்னதையும், அதற்காக நான் தேடிப் படித்ததையும், தெரிந்த டாக்டர்களிடம் கேட்டுத் தெளிந்ததையும் வைத்து இதை எழுதுகிறேன். என்ன நோய் என்பதைவிட, அது எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பதைத்தான் நம் ஆட்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். சில விஷயம் மூன்று மாதம் பொறுக்கும். சிலது ஒரு வாரம். ஒன்று மட்டும் ஆறு மணி நேரம்.

ஆறு மணி நேரம்

அந்த ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன். எனக்கு அதில் ஒரு பாரம் உண்டு.

கடைக்கு வந்த புதிதில், ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு ஒருவர் வந்தார். பையனுக்கு 14 வயது, அடிவயிறு வலிக்கிறது, ரெண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டான் என்றார். வயிற்று வலி மாத்திரையும் வாந்தி மாத்திரையும் கொடுத்தேன். மறுநாள் மதியம்தான் பையன் அம்மாவிடம், வலி வயிற்றில் இல்லை, கீழே என்று சொன்னான். ஆஸ்பத்திரியில் திறந்து பார்த்தபோது ஒரு விதை கறுத்துப்போயிருந்தது. எடுத்துவிட்டார்கள்.

விதை என்பது தொங்குகிற உறுப்பு. கிணற்று வாளி கயிற்றில் தொங்குவது போல, ரத்தக்குழாய்களும் விந்துக்குழாயும் சேர்ந்த ஒரு வடத்தில் தொங்குகிறது. சில பையன்களுக்கு அது பைக்குள் சரியாகப் பிடிப்பில்லாமல் இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு நாள் அந்த வடம் முறுக்கிக்கொள்ளும். முறுக்கினால் ரத்தம் உள்ளே போகாது. விளையாடும்போது வரலாம், தூங்கிக்கொண்டிருக்கும்போதே வரலாம். 12 முதல் 18 வயதுக்குள் அதிகம். பெரியவர்களுக்கும் வராமல் இல்லை.

ஆறு மணி நேரத்துக்குள் அறுவை செய்து முறுக்கை எடுத்துவிட்டால் பத்தில் ஒன்பது விதைகளைக் காப்பாற்றிவிடலாம். 12 மணி நேரம் ஆனால் வாய்ப்பு மளமளவென்று குறைகிறது. ஒரு நாள் கடந்தால் பெரும்பாலும் எடுப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. திடீரென்று ஒரு பக்கம் கடும் வலி, கூடவே வாந்தி, அந்தப் பக்கத்து விதை வழக்கத்தைவிட மேலே ஏறி நிற்பது: இவைதான் அடையாளம். இப்படி வந்தால் எண்ணெயும் வேண்டாம், ஒத்தடமும் வேண்டாம், என் கடைக்கும் வர வேண்டாம். ராதாபுரத்திலிருந்தோ பாபநாசத்திலிருந்தோ பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு வந்து சேரவே நேரம் போய்விடும்; 108-ஐக் கூப்பிட்டுக் கிளம்பிவிட வேண்டும். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால் வழியில் சாப்பிடவும் எதுவும் கொடுக்கக்கூடாது. அறுவை செய்யும்போது மறுபக்கத்து விதையையும் சேர்த்துத் தைத்து நிறுத்திவிடுவார்கள், அதுவும் நாளைக்கு முறுக்கிவிடக்கூடாதே என்று.

வளரும் பையன்கள் வெட்கத்தில் “வயிறு வலிக்கி” என்றுதான் சொல்வார்கள். ஆகவே பையன் வயிற்று வலி என்று துடித்தால், “கீழே வலிக்கா எய்யா?” என்று அப்பாவோ அம்மாவோ ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். அன்றைக்கு நான் கேட்கவில்லை.

உடனே ஓட வேண்டிய வேறு சிலவும் இங்கேயே. முன்தோலைப் பின்னால் தள்ளியபின் அது திரும்ப முன்னே வராமல் வளையம் போல இறுக்கி வீங்குவது. எழுச்சி நாலு மணி நேரத்துக்கு மேல் அடங்காமல் வலிப்பது. சிறுநீர் முட்டிக்கொண்டு ஒரு சொட்டுகூட வராமல் போவது. சர்க்கரை நோயாளிக்கு விதைப்பைத் தோல் கடுமையாக வலித்து, சிவந்து, கறுத்து, நாற்றமெடுத்து, மணிக்கு மணி வீக்கம் கூடுவது. இதில் எதற்கும் விடியட்டும் என்று இருக்கக்கூடாது.

ஓதமா, குடலிறக்கமா, கட்டியா

வலி இல்லாத வீக்கத்தை நம் ஆட்கள் வருடக்கணக்கில் வேட்டிக்குள் சுமப்பார்கள். “ஓதம் இறங்கியிருக்கு” என்று தாத்தாக்கள் சொன்னதில் உண்மையில் ரெண்டு வேறு வியாதி கலந்து கிடக்கிறது.

ஒன்று, விதையைச் சுற்றியிருக்கும் உறைக்குள் நீர் சேர்வது. டாக்டர்கள் ஹைட்ரோசீல் என்பார்கள். இருட்டில் பின்பக்கம் டார்ச் அடித்தால் பை சிவந்து ஒளிவிடும். உள்ளே இருப்பது தெளிந்த நீர். யானைக்கால் நோயைத் தரும் அதே புழுவும் இதற்கு ஒரு காரணம். சாக்கடைத் தண்ணீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசுதான் அதைப் பரப்புகிறது. சுகாதாரத் துறையினர் ராத்திரி நேரத்தில் வீட்டுக்கு வந்து விரலில் குத்தி ரத்தம் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். பகலில் வந்தால் என்ன என்று சண்டை போட்டவர்களையும் எனக்குத் தெரியும். அந்தப் புழுவின் குஞ்சுகள் பகலில் நுரையீரல் ரத்தக்குழாய்களில் பதுங்கிக் கிடந்து, ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் தோலருகே உள்ள ரத்தத்துக்கு வருகின்றன. கொசு கடிக்கும் நேரம் அதற்குத் தெரியும்.

இன்னொன்று, வயிற்றுச் சுவர் பலவீனமான இடத்தில் குடல் இறங்குவது. மூட்டை தூக்கினால், இருமினால் பெரிதாகும். மல்லாந்து படுத்தால் உள்ளே போய்விடும். இதைத்தான் ஹெர்னியா என்கிறார்கள். இந்த இரண்டும் உயிரைப் பறிக்க அவசரப்படுவதில்லை. ஆனால் உள்ளே போய்க்கொண்டிருந்த குடல் ஒரு நாள் போகாமல் மாட்டிக்கொண்டு, வலியும் வாந்தியும் வந்துவிட்டால் அது மேலே சொன்ன அவசரக் கணக்கில் சேர்ந்துவிடும். ஹைட்ரோசீலில் ஊசி போட்டு நீரை உறிஞ்சிவிடச் சொல்லிச் சிலர் கேட்பார்கள். உறிஞ்சினால் திரும்பச் சேரும். சிறிய அறுவைதான் நிரந்தரம்.

மூன்றாவதாக வருவது விதையிலேயே எழும் கட்டி. கல் மாதிரிக் கெட்டியாக, வலியில்லாமல் இருக்கும். இது பெரும்பாலும் 15-லிருந்து 40 வயதுக்குள் வருகிற புற்றுநோய். வலி இல்லாததால்தான் விட்டுவிடுகிறார்கள். ஆரம்பத்திலேயே பிடித்தால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமாகிவிடுகிறது. புற்றுநோய்களில் இவ்வளவு நல்ல கணக்கு உள்ளது அபூர்வம். மாதம் ஒரு தடவை, வெந்நீரில் குளித்தபின் தோல் தளர்ந்திருக்கும்போது, ஒவ்வொரு விதையையும் கட்டைவிரலுக்கும் விரல்களுக்கும் நடுவே மெல்ல உருட்டிப் பார்த்தால் போதும். ஒரு பக்கம் சற்றுத் தாழ்ந்து தொங்குவது இயல்பு. பின்பக்கம் மெத்தென்று வரப்பு மாதிரி ஒன்று தட்டுப்படுவதும் இயல்பு. விந்தணு முதிர்கிற குழாய்ச் சுருள் அது. விதையோடு ஒட்டிய கெட்டியான எதுவும் இயல்பில்லை. அந்த வாரத்திலேயே ஒரு ஸ்கேன் பார்த்துவிட வேண்டும்.

குழந்தைகளுக்கு ஒரு வார்த்தை. கருவில் இருக்கும்போது விதை வயிற்றுக்குள் உருவாகிப் பிறகுதான் பைக்கு இறங்குகிறது. சில ஆண்பிள்ளைகளுக்கு ஒன்று இறங்காமலேயே நின்றுவிடும். வீட்டில் இது முதலில் தெரிவது டாக்டருக்கு அல்ல, காலை நீட்டிப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற ஆச்சிக்கு. “ஒண்ணுதாம்ட்டி தட்டுப்படுது” என்று ஆச்சி சொன்னால் தட்டிக்கழிக்காதீர்கள். குளிரில் மேலே ஏறி, வெந்நீர் விட்டதும் இறங்கி வந்தால் பயமில்லை. பிள்ளைக்கு ஆறு மாதமாகியும் இறங்காவிட்டால் மேற்கொண்டு தானாக இறங்குவது அரிது. ஒன்றரை வயதுக்குள் அறுவை செய்து இறக்கி வைப்பது வழக்கம். விட்டால் பின்னாளில் விந்தணுவும் குறையும், புற்றுநோய் வாய்ப்பும் கூடும்.

சூட்டில் உண்மை எவ்வளவு

இவ்வளவு தூரம் சூட்டைக் கிண்டல் செய்தேன். இனி அதற்கு நியாயமும் சொல்ல வேண்டும். விதைகள் உடம்புக்கு வெளியே ஒரு பையில் தொங்குவதே குளிர்ச்சிக்காகத்தான். விந்தணு உருவாக உடல் வெப்பத்தைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக வேண்டும். செங்கல் சூளை வாயில் நிற்பவர், அல்வா கிண்டும் அடுப்படியில் நாள் முழுக்க வேகிறவர், எஞ்சின் பக்கத்தில் எட்டு மணி நேரம் உட்காரும் லாரி டிரைவர் ஆகியோருக்கு விந்தணு குறைய இடமுண்டு. நாலு நாள் கடும் காய்ச்சல் அடித்தால்கூடக் குறையும். ஆனால் இந்தச் சூடு தெர்மாமீட்டரில் அளக்கிற சூடு. கோழிக்கறி தின்பதால் ஏறி, சர்பத் குடிப்பதால் இறங்குகிற சூடு இல்லை.

விந்தணு ஒன்று உருவாக எழுபது நாளுக்கு மேல் ஆகிறது. அதற்குப் பிறகு அந்தக் குழாய்ச் சுருளில் நீந்தப் பழகி வெளியே வர இன்னும் ஒன்றிரண்டு வாரம். மொத்தம் ஏறத்தாழ மூன்று மாதம். நாற்று விட்டதிலிருந்து அறுப்பு வரைக்குமான கணக்கு. இன்றைக்கு பீடியை நிறுத்தினால் அதன் பலன் மூன்று மாதம் கழித்துத்தான் பரிசோதனையில் தெரியும். இதனால்தான் டாக்டர்கள் மூன்று மாதம் கழித்து வரச் சொல்கிறார்கள். பஸ் ஸ்டாண்டு சுவரில் போஸ்டர் ஒட்டுகிறவர்கள் ‘ஒரு மண்டலத்தில் பலன்’ என்று போடுகிறார்கள். ஒரு மண்டலம் 48 நாள். அதற்குள் ஒரு போகம் விந்தணுகூட விளைந்திருக்காது.

குழந்தை இல்லை என்றால் யாருக்கு டெஸ்ட்

கல்யாணமாகி ஆறு மாதத்தில் விசாரணை தொடங்கிவிடும். விசாரணை எல்லாம் பெண்ணிடம்தான். அவளுக்கு ஸ்கேன், அவளுக்குக் கருக்குழாய் டெஸ்ட், அவள் அரச மரத்தைச் சுற்ற வேண்டும், அவள் தொட்டில் கட்ட வேண்டும். ரெண்டு வருடம் இதெல்லாம் முடிந்த பிறகு, “மாப்பிள்ளையையும் ஒரு தடவை பார்க்கணும்” என்று டாக்டர் சொல்கிறபோது மாப்பிள்ளைக்கு வேலை வந்துவிடும். குழந்தையின்மையில் ஏறக்குறைய பாதி இடங்களில் ஆண் தரப்புக் காரணமும் சேர்ந்திருக்கிறது. ஆணுக்கான பரிசோதனையோ வலியில்லாதது, செலவும் குறைவு. அதை முதல் வாரத்திலேயே முடித்திருக்கலாம். இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம் வரும்.

தடுப்பு எதுவும் இல்லாமல் ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் கரு நிற்காவிட்டால் இருவரும் சேர்ந்து டாக்டரைப் பார்க்க வேண்டும். மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதம் போதும். கணவர் வளைகுடாவில் வேலை பார்த்து, வருடத்தில் ஒரு மாதம் ஊருக்கு வருகிறவர் என்றால் கணக்கே வேறு. அது குறையில்லை, நாள் சேரவில்லை. எங்கள் மாவட்டத்தில் இப்படி எத்தனையோ வீடுகள்.

விந்துப் பரிசோதனைக்கு இரண்டிலிருந்து ஏழு நாள் உறவோ கைப்பழக்கமோ இல்லாமல் இருந்துவிட்டுப் போக வேண்டும். லேப் தரும் டப்பாவில்தான் பிடிக்க வேண்டும். ஆணுறையில் பிடிக்கக்கூடாது, தேங்காய் எண்ணெயோ சோப்போ எச்சிலோ படக்கூடாது. எல்லாம் அணுக்களைப் பாதிக்கலாம். வீட்டில் எடுத்தால் சட்டைப்பையில் உடம்புச் சூட்டோடு வைத்து ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். முதலில் வரும் துளிகளில்தான் அணு அதிகம். அது சிந்திவிட்டால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள்.

ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் கடைக்கு வருவார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கையேட்டின்படி கீழ்வரம்பு இதுதான்: அளவு 1.4 மில்லி, ஒரு மில்லிக்கு 1.6 கோடி அணு, அதில் அசைகிறவை 42 சதவீதம், வடிவம் சரியானவை வெறும் 4 சதவீதம். அந்த நாலைப் பார்த்துத்தான் எல்லோரும் பதறுகிறார்கள். “தொண்ணூத்தாறு சதவீதம் கோளாறுன்னு போட்டிருக்கு அண்ணாச்சி” என்று ஒருவர் கண் கலங்கினார். அவர் ரிப்போர்ட் சரியாகத்தான் இருந்தது. பெரும்பாலான ஆண்களுக்கும் பெரும்பாலான அணு வடிவம் பிசகித்தான் இருக்கும். ஒரு ரிப்போர்ட் மோசமானாலும் சில வாரம் கழித்து இன்னொன்று எடுக்காமல் யாரும் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

காரணம் என்று கண்டுபிடிக்க முடிகிறவற்றில் முதலிடம் வெரிகோசீலுக்கு. விதைப்பையில் ரத்தம் திரும்பிப் போகும் சிரைகள் புடைத்து, தொட்டால் ஒரு பை நிறைய மண்புழு மாதிரி இருக்கும். ஆண்களில் ஏழில் ஒருவருக்கு இது உண்டு. அதில் பலருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. பெரும்பாலும் இடது பக்கம்தான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி நிரம்பியபோது, ஆற்றில் விழ வேண்டிய ஓடைத் தண்ணீர் போக வழியில்லாமல் பின்னால் ஏறித் தெருவுக்குள் வந்ததைப் பார்த்தோம் அல்லவா? இங்கேயும் அதே கதைதான். வலது பக்கத்துச் சிரை பெரிய சிரையில் சாய்வாகப் போய்ச் சேருகிறது. இடது பக்கத்தது சிறுநீரகச் சிரையில் செங்குத்தாகப் போய் முட்டுகிறது. அழுத்தம் கூடினால் ரத்தம் பின்னால் தேங்குகிறது, தேங்கிய ரத்தம் விதையைச் சூடாக்குகிறது. குழந்தை வேண்டும், அணுவும் குறைவு, வெரிகோசீலும் கைக்குத் தட்டுப்படுகிறது என்றால் அறுவை பலன் தரும். வலது பக்கம் மட்டும் வந்தாலோ, 40 வயதுக்கு மேல் திடீரென்று வந்தாலோ, படுத்தும் புடைப்பு வற்றாவிட்டாலோ, சிறுநீரகத்தில் ஏதும் அடைக்கிறதா என்று வயிற்றை ஸ்கேன் பார்க்கச் சொல்வார்கள்.

ஜிம்முக்குப் போகிற தம்பிகள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். உடம்பு ஏற்றப் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி, ஆண்மை கூட்டும் மருந்து அல்ல. ஹார்மோன் வெளியிலிருந்து வந்துவிட்டதே என்று மூளை விதைக்கு வேலையை நிறுத்தச் சொல்லிவிடும். விதை சுருங்கும், அணு பூஜ்யம் வரைக்கும் போகும். நிறுத்தினால் திரும்ப வர மாதக்கணக்கு ஆகும்.

பொன்னுக்கு வீங்கி வயதுக்கு வந்த பிறகு வந்தால் நாலைந்து பேரில் ஒருவருக்கு விதையும் வீங்கும். அடியோடு மலடாவது அரிது.

தாது போகிறது என்ற பயம்

18-லிருந்து 25 வயதுக்குள் கவுண்டருக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் நோயாளிகளே இல்லை. தூக்கத்தில் விந்து போகிறது, கைப்பழக்கம் இருக்கிறது, அதனால் கன்னம் ஒட்டிவிட்டது, ஞாபகம் குறைந்துவிட்டது, கல்யாணத்துக்கு லாயக்கில்லாமல் போய்விட்டேன். ‘நாப்பது சொட்டு ரத்தம் ஒரு சொட்டு விந்து’ என்று யாரோ சொன்னதை நம்பி ராத்திரி தூங்காமல் கிடப்பார்கள். இந்தப் பயத்துக்கே மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு. நம் நாட்டு மனநல மருத்துவர் விக் 1960-இலேயே அதைத் தாது நோய்க்குறி என்று பெயரிட்டு எழுதினார்.

விந்தில் ரத்தம் எதுவும் செலவாவதில்லை. ஒரு தடவைக்கு வருவது ஒரு டீஸ்பூன் அளவுக்குள். அதில் பெரும்பங்கு விந்துப்பையும் புராஸ்டேட் சுரப்பியும் சுரக்கிற நீர், அணு நூற்றில் ஐந்து பங்குகூட இராது. விதை ஒரு நாளைக்குப் பல கோடி அணுக்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. வெளியே போகாவிட்டால் உடம்பே கரைத்துக்கொள்ளும். தூக்கத்தில் போவது குளம் நிரம்பி மறுகால் பாய்வது. அதற்காக யாரும் கரையை உடைத்துக்கொண்டு அழுவதில்லை. முக்கி மலம் கழிக்கும்போது வெள்ளையாக ரெண்டு சொட்டு வந்தால் அது பெரும்பாலும் புராஸ்டேட் நீர். இதெல்லாம் சொல்லியும் மனசு ஆறவில்லை, வேலையும் படிப்பும் ஓடவில்லை என்றால் பார்க்க வேண்டியது மனநல மருத்துவரை; அதில் கேவலம் ஒன்றுமில்லை.

இந்தப் பயத்தைத்தான் லாட்ஜ் வைத்தியர்கள் விற்கிறார்கள். ‘மாதம் முதல் ஞாயிறு ஜங்ஷனில் இன்ன லாட்ஜில் சந்திக்கலாம்’ என்கிற விளம்பரத்தைப் படிக்காதவர் உண்டா? ஆண்மையைக் கூட்டுகிறேன் என்று விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். மூலிகை என்ற பெயரில் விற்ற பொருட்களில் எழுச்சிக்குக் கொடுக்கும் ஆங்கில மருந்தான சில்டெனாஃபில் கலந்திருப்பதை அமெரிக்க உணவு மருந்துத் துறை பல தடவை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. சித்த மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. படித்த சித்த மருத்துவரைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கே போகலாமே, லாட்ஜுக்கு ஏன்?

எழுச்சி குறைந்தால் இதயத்தைப் பார்க்க வேண்டும்

நாற்பதைத் தாண்டியவர்கள் கேட்பது வேறு. எழுச்சி வரவில்லை, வந்தாலும் நிற்கவில்லை. களைப்பிலும் கடன் கவலையிலும் சண்டையிலும் எப்போதாவது இப்படி ஆவது யாருக்கும் உண்டு. விடிகாலையில் தானாக எழுச்சி வருகிறது, மனைவியிடம் போகும்போது மட்டும் இல்லை என்றால் ரத்தக்குழாயில் கோளாறில்லை, பெரும்பாலும் மனதில்தான். விடிகாலையிலும் இல்லை, மாதங்களாக மெல்ல மெல்லக் குறைந்து வருகிறது என்றால் ரத்தக்குழாயைச் சந்தேகிக்க வேண்டும்.

ஆணுறுப்புக்குப் போகும் தமனி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலம்தான். இதயத்துக்குப் போவது மூன்று நான்கு. கொழுப்புப் படிந்தால் சின்ன வாய்க்கால்தானே முதலில் தூரும்? ஆகவே எழுச்சிக் குறைவு வந்தவர்களில் சிலருக்கு இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் நெஞ்சு வலி வருகிறது. சர்க்கரை நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்தத் தொந்தரவு உண்டு. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, தேவைப்பட்டால் ஈசிஜி: மாத்திரை கேட்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது இவற்றை. மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் பீடி சுற்றுவது பெண்கள். அந்தப் பீடியைக் குடித்து ரத்தக்குழாயைச் சுருக்கிக்கொள்வது ஆண்கள்.

மாத்திரை இருக்கிறது, நன்றாகவே வேலை செய்யும். ஆனால் டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாத மருந்து அது. நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர் இதையும் போட்டால் ரத்த அழுத்தம் பாதாளத்துக்கு இறங்கி உயிர் போகலாம். “ஒண்ணே ஒண்ணு குடுங்க அண்ணாச்சி, நாளைக்குக் கல்யாண நாள்” என்று கெஞ்சியவரை நான் வெறும் கையோடு அனுப்பியிருக்கிறேன். பிரஷர் மாத்திரையில் சிலதும், மனச்சோர்வு மாத்திரையில் சிலதும் எழுச்சியைக் குறைக்கும். அதற்காக நீங்களே நிறுத்திவிடாதீர்கள், மாற்று மருந்து கேளுங்கள்.

சீக்கிரம் விந்து வெளியேறிவிடுகிறது என்று வருகிறவர்களில் பலர் போனில் பார்க்கும் படங்களோடு தங்களை ஒப்பிடுகிறவர்கள். சாதாரணமாகப் பலருக்கும் ஐந்தாறு நிமிடம்தான். தொடக்கத்திலிருந்தே ஒரு நிமிடத்துக்குள் முடிந்து, அது இருவருக்கும் வருத்தமாக இருந்தால் சிகிச்சை உண்டு.

எரிச்சல், அரிப்பு, புண்

சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் பைக் ஓட்டிவிட்டு வந்தால் நீர்க்கடுப்பு வரத்தான் செய்யும். ரெண்டு நாள் நன்றாகத் தண்ணீர் குடித்தும் போகாவிட்டால், காய்ச்சல் குளிர் வந்தால், சீழ் வடிந்தால் அது சூடு இல்லை, கிருமி. முதுகிலிருந்து விதை வரைக்கும் இழுத்து வலித்தால் சிறுநீரகக் கல்லாக இருக்கலாம். வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் போனால், அதுவும் புகைப்பவருக்கு, ஒரு தடவையே ஆனாலும் பார்த்தாக வேண்டும்.

முன்தோலில் அரிப்பும் வெடிப்பும் என்று மூன்றாவது தடவை களிம்பு வாங்க வருகிறவரிடம் நான் கேட்பது, “சுகர் பார்த்தீங்களா?” பலருக்குச் சர்க்கரை இருப்பது அப்படித்தான் தெரியவந்திருக்கிறது. தொடையிடுக்கில் படர்தாமரைக்கு, ஸ்டீராய்டு கலந்த களிம்பைக் கேட்டு வாங்குகிறார்கள். ரெண்டு நாளில் அரிப்பு அடங்கும், பிறகு காட்டுத்தீ மாதிரிப் பரவும், தோலும் மெலிந்து வரிவரியாகிவிடும்.

உறவுக்குப் பிறகு சில நாளிலோ வாரங்களிலோ புண், சீழ், கவட்டில் நெறி கட்டுவது வந்தால் தனியாக மருந்து தின்று பயனில்லை. துணைக்கும் சேர்த்துச் சிகிச்சை எடுக்காவிட்டால் ஒருவருக்கொருவர் திருப்பித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். புண் தானாக ஆறிவிடலாம்; சிபிலிஸ் அப்படித்தான் ஆறி, உள்ளே தங்கும். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது. போனிலேயே கேட்க 1097.

நெல்லை எக்ஸ்பிரஸில் எந்த பெர்த்

அறுபதைக் கடந்த என் சித்தப்பா சென்னைக்கு டிக்கெட் எடுக்கச் சொன்னால் ஊரே ஒதுக்கும் கழிவறைப் பக்கத்து பெர்த்தைத்தான் கேட்பார். ராத்திரி நாலு தடவை எழும்ப வேண்டும். புராஸ்டேட் சிறுநீர்ப்பைக்குக் கீழே, நெல்லிக்காய் அளவில் உள்ள சுரப்பி. சிறுநீர்க் குழாய் அதன் நடுவே போகிறது. வயதாக ஆக அது பருத்துக் குழாயை நெரிக்கிறது. ஐம்பதுகளில் பாதிப் பேருக்கும், எண்பதுகளில் பெரும்பாலோருக்கும் இது வரும். இது புற்றுநோய் அல்ல. மாத்திரைக்கே பலரும் சரியாகிவிடுவார்கள். புற்றுநோய் பெரும்பாலும் சுரப்பியின் வெளிப்புறத்தில் சத்தமில்லாமல் வருவது, அதற்கு பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்பதை டாக்டரிடம் பேசி முடிவு செய்ய வேண்டும்.

மருந்துக்கடைக்காரனாக ஒன்று சொல்லியாக வேண்டும். புராஸ்டேட் வீங்கியவர் சளிக்கும் மூக்கடைப்புக்கும் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையைப் போட்டால், சிறுநீர் அடியோடு அடைத்துக்கொள்ளலாம். மார்கழியில் இதனால் ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன். சளி மாத்திரை கேட்கும்போது “எனக்கு புராஸ்டேட் இருக்கு” என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

ஆண் கருத்தடையையும் சொல்லி முடித்துவிடுகிறேன். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் நாடு முழுக்கக் கருத்தடை அறுவை செய்துகொண்ட பெண்கள் 37.9 சதவீதம், ஆண்கள் 0.3. ஆணுக்குச் செய்வது கத்தியில்லாமல் பத்து இருபது நிமிடத்தில் முடிகிறது. எழுச்சியும் ஆசையும் விந்து வெளியேறுவதும் அப்படியே இருக்கும். அதில் அணு மட்டும் இராது. உடனே பாதுகாப்பு வந்துவிடாது, மூன்று மாதம் கழித்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று தெரியும்வரை வேறு தடுப்பு வேண்டும். அந்த மூன்று மாதத்தில் ஏமாந்துவிட்டு டாக்டரைத் திட்டுவார்கள்.

எந்த டாக்டரிடம், என்ன சொல்லி

பெண்களுக்கு மகப்பேறு மருத்துவர் இருப்பது போல ஆணுக்கென்று போர்டு மாட்டியவர் நம் ஊரில் எளிதில் கிடைப்பதில்லை. வீக்கம், கட்டி என்றால் அறுவை மருத்துவர். சிறுநீர், புராஸ்டேட், எழுச்சி, விந்தணு என்றால் யூராலஜிஸ்ட். புண், அரிப்பு, சீழ் என்றால் தோல் மற்றும் பால்வினைப் பிரிவு. எங்கே போவதென்று தெரியாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரே போதும், அவர் வழி சொல்லுவார். 104-க்குப் போன் செய்தும் கேட்கலாம்.

ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது எதையும் சொல்ல வேண்டியதில்லை. “யூரின் பிரச்சனை” என்றால் போதும். உள்ளே லேடி டாக்டர் இருந்தால் திரும்பி வந்துவிடாதீர்கள். அவர் உங்களுக்கு முன்னால் நூறு பேரைப் பார்த்தவர். ஆண் டாக்டர்தான் வேண்டுமென்றால் கேளுங்கள், தப்பில்லை. வாய் வராவிட்டால் எழுதிக் கொண்டு போங்கள்: எந்தப் பக்கம், எத்தனை நாளாக, வலி உண்டா இல்லையா, சாப்பிடும் மாத்திரை என்ன.

போன வாரம் அம்பாசமுத்திரம் பக்கமிருந்து ஒருவர் வந்து, சாக்லேட் தாளின் பின்னால் எழுதியதை நீட்டினார். மேலே பெரிதாக ‘சூடு’ என்று இருந்தது. கீழே சின்ன எழுத்தில், ‘இடது பக்கம், மூணு மாசம், வலி இல்லை, கெட்டியா இருக்கு’. மேலே இருந்த வார்த்தையை மட்டும் அடித்துவிட்டு, அதே தாளை டாக்டரிடம் காட்டச் சொல்லி ஹைகிரவுண்டுக்குப் போகும் பஸ் நிற்கும் இடத்தைக் கை காட்டினேன்.